ருக்னுதீன் மரைக்காயர் விசாரித்த சொல்

ருக்னுதீன் மரைக்காயர் ஓர் ஆங்கில வினைச்சொல்லை விசாரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரும் இருமக்கூடாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் படுமளவுக்கு அகராதியின் மேல் குனிந்து, இடது சுட்டுவிரலால் அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்துக்கொள்வார். "எந்த ஊருடா நீ? யாரு மவன்? இங்க வர்றதுக்கு முந்தி என்ன தொழில் பாத்தே?" என்று வாய் முணுமுணுக்கும். கப்பலில் வந்து இறங்கும் கூலிகளைத் துறைமுகத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கேட்கிற கேள்விகள்தாம் இவை. ஆளைக் கேட்டுத்தானே உள்ளே விடுகிறார்கள், சொல்லை மட்டும் ஏன் கேட்காமல் விட வேண்டும் என்பது அவர் கட்சி.

சிகாமட் ரயிலடிக்கு எதிரே உள்ள நைனா முகம்மதுவின் காப்பிக்கடைத் தாழ்வாரத்தில் அவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. நாற்காலியில் அவர் உட்காருவார். பெஞ்சில் அவரிடம் மனு எழுதிக்கொள்ள வந்தவர்கள். அவர் தோப்புத்துறையிலிருந்து பதினெட்டு வயதில் ஜவுளி மூட்டையோடு கப்பலேறி ஜோகூருக்கு வந்தவர். ஜவுளி ஓடவில்லை. விலை கேட்கிறவனிடமெல்லாம் சண்டைக்குப் போகிற வாயை வைத்துக்கொண்டு என்ன வியாபாரம் செய்ய முடியும்? அதே வாய் மனு எழுதுவதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

கோபம் அவருக்கு மூக்கின் மேல் இருக்கும். காப்பி ஆறியிருந்தால் கோபம். ரயில் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் கேட்பார். நேரத்துக்கு வந்துவிட்டால், இன்றைக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்பார். மனுவில் 'பணிவோடு' என்று ஒரு தரம்தான் எழுதுவார். கூட ஒன்று போடச் சொன்னால், "அஞ்சு தடவை பணிஞ்சா துரைக்குச் சந்தேகம் வந்துரும். பேசாம உக்காரு" என்று அதட்டுவார். ஆனாலும் பெஞ்சு காலியாக இருந்ததில்லை. தங்களுக்காக ஒருவர் கோபப்படுவதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அகராதி மூவாரில் ஒரு பாதிரியார் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது கிடைத்தது. தலையணை கனம். இருபத்தாறாம் வருஷத்து வெள்ளத்தில் மெத்தையையும் பெட்டியையும் ஆற்றோடு விட்டுவிட்டு இதைத் தலைமேல் சுமந்துகொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தார். சொல்லின் பொருளை மட்டும் அல்லாமல், அது எந்த பாஷையில் பிறந்தது, எந்தக் காலத்தில் என்ன வேலை செய்தது என்றெல்லாம் பொடி எழுத்தில் அதில் போட்டிருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் அவருக்கு உயிர்.

அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற நைனா முகம்மது காப்பி ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு எது காக்கா மாட்டுச்சு?" என்பார்.

"ஸ்டார்வ்னு ஒண்ணு. முன்காலத்துல எப்படி மவுத்தானாலும் இதே சொல்லுதான். காய்ச்சல்ல போனாலும் இதுதான், கத்தி குத்துல போனாலும் இதுதான். அப்புறம் பசியில போறவனுக்கு மட்டும்னு ஆயிருச்சு. எத்தனை பேரு பசியில போயிருந்தா அவங்களுக்குன்னே ஒரு சொல்ல ஒதுக்கி வச்சிருப்பான், சொல்லு."

"அலாமாக், காலங்காத்தால என்ன பேச்சு காக்கா இது" என்று நைனா முகம்மது அடுத்த மேசைக்கு நழுவிவிடுவார்.

தொழிலில் அவருக்கு ஒரு முறை உண்டு. மனுவை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுவார். பிறகு, "இப்ப நீ சொல்லு. இந்தக் காயிதத்துல என்ன இருக்குது?" என்பார். வந்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவார். தோட்டத்துச் சனங்களுக்கு இது பெரிய தொல்லை. பரீட்சை எழுதுவது போலப் பெஞ்சில் உட்கார்ந்து விழிப்பார்கள். ஆனால் இந்த முறையால்தான் அவர் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. 'வாசித்து விளக்கப்பட்டது' என்று அவர் கையெழுத்திட்ட தாளை எந்த ஆபீஸிலும் மறுபடி விசாரிப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பால் வெட்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை, பிறகு இரண்டு நாள், பிறகு அதுவும் இல்லை. காட்டை அழித்து, மலேரியாவுக்குப் பாதிப் பேரைக் கொடுத்து, மரத்தை வளர்த்து ஆளாக்கிய சனங்கள் திடீரென்று மிச்சமாகிப் போனார்கள். மரத்தை வைத்துக்கொண்டார்கள், ஆளைக் கப்பலில் ஏற்றினார்கள். தோட்டத்தில் இதற்கு இருந்த பேச்சு எளிமையானது: "ஏத்தி விடுறாங்க." காகிதத்தில் வேறு சொல் இருந்தது. ரீபேட்ரியேட்.

அந்தச் சொல்லை மரைக்காயரிடம் கொண்டு வந்தவர் சபாபதி. பெக்கோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. வெளுத்த கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக, ஒரு கட்டு அச்சடித்த தாள்களோடு ரயிலிலிருந்து இறங்கி நேராக மேசைக்கு வந்தார். நாற்பத்து மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைநாட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. அடியில், இதை வாசித்து விளக்கியவர் என்று ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி.

"நீங்க போட்டுட்டா ஆபீஸ்ல கேள்வி இல்லீங்க மரைக்காயரே. எங்க தோட்டத்துத் துரையும் உங்க பேரத்தான் சொன்னாரு" என்றார் சபாபதி.

மரைக்காயர் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. "இது என்னா சொல்லு? நான் விசாரிக்காத சொல்லா இருக்குதே" என்று அகராதியைத் திறந்தார்.

அன்று காலை முழுவதும் அந்தச் சொல்லோடுதான் போயிற்று. லத்தீனில் பிறந்த சொல். அதற்கு அடியில் இருப்பது பாட்டர், தகப்பன். பாட்ரியா என்றால் தகப்பன் மண். ஆதியில் ஒருவன் தன் காலால் நடந்து தன் மண்ணுக்குத் திரும்புவதைத்தான் அது சொன்னது. இங்கிலீஷுக்கு வந்தபின், மண்ணை இழந்தவனை அவன் மண்ணில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது. ஜெர்மன் சண்டை முடிந்ததும் கைதிகளை வீடு சேர்த்த செய்தியெல்லாம் இந்தச் சொல்லோடு பத்திரிகையில் வந்தது அவருக்கு இப்போது நினைவு வந்தது.

"நல்ல குலத்துச் சொல்லு கிராணியாரே. பாருங்க, தகப்பனைத் தேடிப் போற சொல்லு" என்று பேசிக்கொண்டே பேனாவை எடுத்தார். பேசப் பேசக் கை ஓடியது. சபாபதி, "அப்படிங்களா, ஆமாங்க" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தாளையும் மை ஒற்றி எடுத்து அடுக்கினார். பாதிக் கட்டில் மரைக்காயருக்கு ஒரு நினைப்பு தட்டியது.

"ஆளுங்களுக்குச் சொல்லியாச்சுல்ல?"

"பெரட்டுலயே சொல்லியாச்சுங்க."

அதிகாலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில், இருட்டும் பனியுமாக, முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் யாரிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்வியை மரைக்காயர் கேட்டுச் சபாபதியைப் பெஞ்சிலிருந்து எழுப்பி விரட்டியிருப்பார். அன்று கேட்கவில்லை. சொல்லின் மேலிருந்த கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்து மூன்றும் முடிந்தன.

சபாபதி சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கோபப்படத்தான் வேண்டும். சம்பளம் வாங்குகிறவனுக்கெல்லாம் மன்னிப்பு என்றால், இந்த உலகத்தில் நடந்த எந்த அக்கிரமத்துக்கும் ஆள் கிடைக்கமாட்டான். மரைக்காயர் அன்று யாருடைய சம்பளத்திலும் இல்லை. அவர் செய்தது அதைவிட மோசம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை ரயிலில் அங்கம்மா வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தாள்.

"பாய், எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு கடுதாசி எழுதணும். அய்யாவுன்னு பேரு. காஹாங்ல சீனன் தோட்டத்துல வேல கேக்கப் போயிருக்காரு. சனிக்கெழம எங்களக் கப்பலுக்கு ஏத்துறாங்களாம், வெரசா வாங்கன்னு எழுதுங்க."

"புருஷன் அங்கேருந்தா நீ எதுக்குக் கப்பலேறுறே?"

"நானா ஏறுறேன்? ஏத்துறாங்க பாய். வேல கெடச்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னுட்டுப் போனாரு. மறுநா பெரட்டுல கையப் புடிச்சு மையில அமுக்குனாங்க. என்னா ஏதுன்னு கேட்டா, போ போன்னு வேல வாங்குற தண்டல் தள்ளி விட்டுட்டாரு."

"எந்த ஊருக்கு ஏத்துறாங்க?"

"திருச்சிப் பக்கமாம். கிராணி சொன்னாரு. எங்க ஆத்தா அங்கேருந்து வந்தவதான், ஆனா ஊரு பேரு சொல்லாமயே செத்துப்போச்சு. அங்க எறங்கி இந்தப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு யாருகிட்ட போயி நிக்கிறது?"

"நீ பொறந்தது?"

"பெக்கோக்ல. ரெண்டாம் லயத்து வீட்டுல."

மரைக்காயர் பேனாவை வைத்தார். "அப்பன்?"

"அப்பனும் பெக்கோக்லதான். ஆத்தோரம் பொதச்சிருக்குது. மழ பேஞ்சா மண்ணு கரையும்னு வருஷா வருஷம் கல்லு எடுத்து வைப்போம்."

தகப்பன் மண் என்று அவர் வாய் ஓயாமல் சபாபதிக்கு விளக்கிய மண் பெக்கோக் ஆற்றங்கரையில் இருந்தது. அந்த மண்ணிலிருந்து இவளைப் பிடுங்கி, பெயர் தெரியாத ஊருக்கு அனுப்புவதற்குத் தகப்பனைத் தேடிப் போகிற சொல்லையே பிடித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். மரைக்காயருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அந்தக் கோபத்தில், பன்னிரண்டு நாளுக்கு முன் தன் பேனா ஓடியது நினைவுக்கு வரவில்லை.

"கேக்காத பொம்பளை கேட்டதா எழுதியிருக்கான். அதுக்கு எந்த ஹராமி சாட்சி போட்டான்? கையில காயிதம் குடுத்தாங்களா? எடு, எடு."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த நகலை எடுத்துக் கொடுத்தாள். ரயிலில் காட்ட வேண்டும் என்று தோட்டத்தில் கொடுத்தது.

அவர் நின்றபடியே, பழக்கம் விடாமல், வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். "அங்கம்மா ஆகிய நான், என்னுடைய சொந்த விருப்பத்தின் பேரில், என்னை என் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலே கண்டது அங்கம்மாவுக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது. அவளும் அதை நன்றாகப் புரிந்துகொண்டு..."

அடியில் இருந்த கையெழுத்தில் வந்து விரல் நின்றது.

"யாரு பாய் போட்டிருக்குறது?" என்றாள் அங்கம்மா.

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான்."

அங்கம்மா அவரையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு இடிக்கிறதே என்பது போலத்தான் சொன்னாள். "நீங்க என்னப் பாத்ததே இல்லியே பாய்."

நாற்பது வருஷம் ஊரெல்லாம் கோபப்பட்டுத் திரிந்த மனிதருக்கு அந்த நேரத்தில் கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை. தன் மேல்தான் பட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அது மற்றவர்கள் மேல் படுகிற கோபத்தைப் போல வாய்வழியாக வெளியே போய்விடுகிற கோபமும் இல்லை. பிறகு அய்யாவுக்கு நாலு வரிக் கடிதம் எழுதி, காஹாங் பக்கம் குளுவாங் போகிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி நைனா முகம்மதுவிடம் கொடுத்தார். அகராதி திறந்தபடி கிடந்தது. மூடாமல் எழுந்தார்.

"வாம்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கிடையாது. இன்னைக்கு விட்டா சனிக்கிழமை ரயில்தான்."

தொழிலாளர் சங்கதி பார்க்கிற துரை மாதத்தில் சில நாள்தான் சிகாமட்டுக்கு வருவார். இவர்கள் போனபோது மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கப்பலில் ஏற வேண்டியவர்களின் பேர் எழுதிய ஜாபிதாவோடு சபாபதி அங்கேதான் இருந்தார். மரைக்காயரையும் அவருக்குப் பின்னால் அங்கம்மாவையும் பார்த்ததும் ஜாபிதாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மரைக்காயர் சுற்றி வளைக்கவில்லை. தாளை மேசையில் வைத்து, இதை நான் இவளுக்கு வாசிக்கவில்லை, இவளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன், கையெழுத்து மட்டும் என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார். துரை நல்ல மனிதர் என்றுதான் பேர். தாளைப் பார்த்தார், அங்கம்மாவின் குழந்தைகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இந்தப் பெண்ணின் பெயரை எடுத்துவிடுகிறேன். அவள் தன் புருஷனிடம் போகட்டும். நீர் ஒன்றும் எழுதித் தர வேண்டாம். நாம் இதை இதோடு விட்டுவிடலாம்" என்றார்.

சபாபதிக்கு மூச்சு வந்தது. "நல்ல முடிவுங்க. வாங்க மரைக்காயரே, போலாம்" என்றார்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. அங்கம்மாவுக்குக் கப்பல் இல்லை. மரைக்காயருக்கு மேசை இருக்கும், நாற்காலி இருக்கும், கையெழுத்தின் மதிப்பும் அப்படியே இருக்கும். எழுந்து போய்விட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"மத்த நாப்பத்திரண்டு பேரையும் நான் பாக்கல" என்றார். ஆங்கிலம் எங்கோ போய்விட்டது, தமிழில்தான் வந்தது. சபாபதியே அதை மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"அவர்களில் பலர் ஊருக்குப் போக ஆசைப்படுகிறவர்களாக இருக்கலாம்" என்றார் துரை.

"இருக்கலாம். அவங்களக் கேட்டுட்டு ஏத்துங்க."

"மரைக்காயரே, உங்க பொழப்பு போயிரும்" என்று சபாபதி காதோடு சொன்னார். குரலில் நிஜமான பயம் இருந்தது, தன் பிழைப்பைப் பற்றியும் சேர்த்து. "நாப்பது வருஷமா சம்பாதிச்ச பேருங்க. கிழிச்சுப் போடாதீங்க."

"அந்தப் பேரத்தானே நீங்க வாங்கிட்டுப் போனீங்க கிராணியாரே. நானும் குடுத்தேன்."

துரை பெருமூச்சு விட்டார். பொய்ச் சான்று கொடுத்ததாக எழுதிக் கொடுத்தால் நாற்பத்து மூன்று தாளும் செல்லாது. அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி கேட்க வேண்டும். சனிக்கிழமை ரயில் காலியாகப் போகும். மனு எழுதுகிற அனுமதிச் சீட்டையும் இங்கேயே கொடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டார். மரைக்காயர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ஆபீஸ் கிராணி வாக்குமூலத்தை டைப் அடித்தார். அங்கம்மா வாசற்படியில் குந்தி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தனக்காக எது நடக்கிறது, மற்றவர்களுக்காக எது நடக்கிறது என்று அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. சனிக்கிழமை போக வேண்டாம் என்பது மட்டும் புரிந்திருந்தது.

தாள் வந்தது. துரை பேனாவை மையில் தோய்த்து, பிடி மரைக்காயர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

ருக்னுதீன் மரைக்காயர் பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தார். எழுதத் தெரியாத தோட்டத்துச் சனங்களுக்காக மேசையின் ஓரத்தில் இருந்த மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். இடது கட்டை விரலை அதில் உருட்டி எடுத்து, தன் பெயருக்கு நேரே வைத்து அழுத்தினார்.